ஊசி போட்ட கெண்டை

என் மாமனார் பழவேற்காட்டுக்காரர். கொடுவா, மடவை, கிழங்கான் என்று உப்புத் தண்ணீரில் பிறந்ததை மட்டுமே மீன் கணக்கில் சேர்ப்பார். ஏரி மீன் என்று வாயெடுத்தால் போதும், "அது சேறு மாப்ள. மேல செதில் ஒட்டியிருக்குது, அவ்ளோதான்" என்பார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு பார்த்து, வாரக் கடைசியில் கட்லா வாங்கும் என்னை அவர் மாப்பிள்ளையாகச் சகித்துக்கொள்வதே பெரிய விஷயம்.

அவரைப் பூண்டி மீன் பண்ணைக்குக் கூட்டிப்போகச் சொன்னது என் மனைவி. மகனுக்கு மீன்குஞ்சு பார்க்க ஆசை, அப்பாவுக்குப் பொழுதுபோகும், அவளுக்கு வீடு அமைதியாகும்.

பூண்டியில் கொசஸ்தலை ஆற்றை மறித்த அணை 1944-ல் முடிந்தது. அதற்கு வழிசெய்த சென்னை மேயர் சத்தியமூர்த்தி, முந்தின வருடமே காலமாகிவிட்டார். நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயர்தான். சென்னைக்கே குடிக்கக் கொடுக்கும் அந்தத் தண்ணீரை மாமனார் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு பத்தல" என்று தீர்ப்புச் சொன்னார்.

பண்ணையில் கண்ணிமை முடி கனத்தில் எதுவோ ஆயிரக்கணக்கில் துள்ளிக்கொண்டிருந்தது. "கொசுப் புழுவா?" என்றார். "கட்லா, ரோகு குஞ்சுங்க ஐயா" என்று ஊழியர் பொறுமையாக ஆரம்பித்தார்.

இந்தப் பெருங்கெண்டைகள் குளத்தில் தின்னும், கொழுக்கும். முட்டை மட்டும் போடாது. மழைக்காலத்தில் ஆறு புதுவெள்ளமாகப் புரண்டால்தான் மனசு வரும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, மீனின் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டுக் கெண்டையை முட்டையிட வைத்தார். அந்த நாள்தான் இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினம். இப்போது ஹார்மோன் மருந்து பாட்டிலிலேயே வருகிறது. சாயங்காலம் ஊசி போட்டு, வட்டத் தொட்டியில் தண்ணீரைச் சுழலவிட்டு, ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டதாக மீனை நம்பவைத்தால், விடிவதற்குள் ஒரு தாய்மீன் லட்சக்கணக்கில் முட்டை போட்டிருக்கும்.

மாமனார் கொதித்துவிட்டார். "பொண்ணுக்கும் ஊசி, புள்ளைக்கும் ஊசி, நடுவுல பொய் வெள்ளம்! கட்டாயக் கல்யாணம் மாப்ள இது. எங்க கொடுவாவுக்கு எவனாவது ஊசி போட்டிருப்பானா?"

"போட்டாங்களே ஐயா, முட்டுக்காட்டுல" என்றார் ஊழியர். "உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்துல 1997-லயே கொடுவாவுக்கு ஹார்மோன் குடுத்துக் குஞ்சு பொரிச்சிட்டாங்க."

"கொடுவாவுக்குமா?"

அதன்பிறகு அவர் பேசவில்லை. பேரன் கேட்ட கேள்விகளுக்கும் பதில் இல்லை. அணையோரம் மீன் வறுக்கும் கடை வந்ததும்தான் குரல் திரும்பியது. "ஊசி போடாத மீன் ஏதாவது இருக்குதாம்மா?"

கடைக்கார அம்மா வினோதமாகப் பார்த்துவிட்டு ஜிலேபி மீன் இரண்டை எண்ணெயில் போட்டார். 1952-ல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட திலேப்பியாதான் நம்மூர் ஜிலேபி. அதற்கு வெள்ளமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். குட்டையோ சாக்கடையோ, கிடைத்த இடத்தில் குடும்பம் நடத்தும். தாய்மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துக் குஞ்சு பொரிக்கும். அதன் இனப்பெருக்கத்தை எப்படி நிறுத்துவது என்பதுதான் மீன் வளர்ப்பவர்களின் கவலை.

விவரத்தைச் சொன்னேன். மாமனார் முள்ளை ஒதுக்கியபடி கடைசித் துண்டுவரை ருசித்துத் தின்றார்.

"சேறு எப்படி மாமா?" என்றேன்.

"சுயமரியாதைக் கல்யாணத்துல பொறந்த மீன் மாப்ள இது! இன்னொரு தட்டு சொல்லுங்க."