மண்ணைக் கவ்வுவது எப்படி?

உங்களுக்கு வயது 32. கோயம்புத்தூரில் நிரந்தர வேலை. வீட்டுக் கடனில் பாதி அடைத்தாயிற்று. சட்டைக்குள்ளிருந்து தொப்பை லேசாக எட்டிப்பார்க்கிறது. உடம்பிலுள்ள 206 எலும்புகளும் இன்றைய தேதிவரை முழுசாக இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிரியாணி மயக்கத்தில், யாரோ ஒருவர் மண்மேட்டிலிருந்து பைக்கோடு பறப்பதைக் கைபேசியில் பார்க்கிறீர்கள். நாமும் செய்தால் என்ன என்று தோன்றுகிறது. தோன்றிவிட்டதா? தகுதிச் சுற்று முடிந்தது. மோட்டோகிராஸில் நுழைய இதற்குமேல் அறிவு தேவைப்படாது. கொஞ்சம் குறைந்தாலும் நல்லதுதான்.

முதல் வேலை வீட்டில் சொல்வது. பெரிய பெயர்கள் கைவசம் இருக்கட்டும். பெங்களூருவின் சி.எஸ். சந்தோஷ், டக்கார் என்ற பாலைவன ராலியை ஓட்டி முடித்த முதல் இந்தியர், ஆண்டு 2015. ஷொர்ணூர்க்காரர் ஹரித் நோவா 2024 டக்காரில் ஒட்டுமொத்தமாக 11ஆம் இடம், ராலி-2 பிரிவில் முதலிடம். ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019இல் பாஹா உலகக் கோப்பையைப் பெண்கள் பிரிவில் வென்றவர். இவற்றை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றிவிடுங்கள். அம்மாவிடமும் கைபேசி இருக்கிறது. 2021 டக்காரில் சந்தோஷ் விழுந்து, மருத்துவர்கள் அவரைச் செயற்கைக் கோமாவில் வைத்திருந்த செய்தியை இரவுச் சாப்பாட்டுக்குள் கண்டுபிடித்துவிடுவார். அவர் தேறி வந்துவிட்டார் என்ற பத்திவரைக்கும் எந்த அம்மாவும் படித்ததில்லை. பேச்சு முற்றினால், "ரோட்டுல இல்லம்மா, மண்ணுலதான்" என்று சொல்லிப் பாருங்கள். மண்ணில் விழுந்தால் அடிபடாது என்று நம் தாய்மார்கள் இன்னும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை இப்போதைக்குக் கலைக்க வேண்டாம்.

அடுத்தது வண்டி. உங்கள் மனசில் இருப்பது 450 சிசி இறக்குமதி மோட்டோகிராஸ் பைக். எடை சுமார் 110 கிலோதான். ஆனால் ஆக்சிலேட்டரைத் திருகினால் வண்டி போய்விடும், நீங்கள் அங்கேயே இருப்பீர்கள். முகப்பு விளக்கு கிடையாது, இண்டிகேட்டர் கிடையாது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதைப் பதியவும் முடியாது. ஆகவே மைதானத்துக்கு ஓட்டிப் போக முடியாது; குட்டி யானை பிடித்து ஏற்றிப் போக வேண்டும். ஊரார் கண்ணுக்கு, நீங்கள் பழுதான வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோகும் ஆள். பராமரிப்பிலும் ஒரு சுவாரசியம் உண்டு. இந்த வண்டிகளுக்குக் கிலோமீட்டர் கணக்கு இல்லை, மணிக்கணக்கு. இத்தனை மணி நேரம் ஓடினால் ஆயில், இத்தனை மணிக்கு பிஸ்டன் என்று கையேட்டில் எழுதியிருக்கும். மாதச் சம்பளக்காரர்கள் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் படிப்பது உத்தமம்.

பழைய ஆட்களைக் கேட்டால் யமஹா ஆர்.எக்ஸ். 100 என்பார்கள். தென்னிந்திய மண் பந்தயங்கள் வெகுகாலம் அதன் முதுகிலும் ஷோகன் முதுகிலும்தான் ஓடின. ஆர்.எக்ஸ். வெறும் 98 சிசி, டூ ஸ்ட்ரோக். 1985இல் வந்து 1996இல் உற்பத்தி நின்ற வண்டிக்கு இன்று சொல்லும் விலை வேறு கதை. அதை வைத்திருப்பவரிடம் விற்பீர்களா என்று கேட்டால் உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, துணியெடுத்து டேங்கைத் துடைக்க ஆரம்பிப்பார். விட்டுவிடுங்கள்.

எனவே, செகண்ட் ஹேண்டில் ஒரு ஹீரோ எக்ஸ்பல்ஸ். 2019இல் வந்தது, தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரம், திங்கட்கிழமை ஆபீசுக்கும் அதிலேயே போகலாம், பாகங்கள் ஊருக்கு ஊர் கிடைக்கும். வேகம் பற்றாது என்பார்கள். உங்களுக்குப் பற்றும். பெரிய வண்டியில் பயந்து பயந்து கற்றுக்கொள்வதைவிடச் சின்ன வண்டியைக் கதறக் கதற ஓட்டிக் கற்றுக்கொள்வது ஆயிரம் மடங்கு மேல். இந்தக் கட்டுரையில் விளையாட்டில்லாமல் சொல்லும் இரண்டு மூன்று வாக்கியங்களில் இது ஒன்று.

இரண்டு சக்கரம் சாயும், நாலு சக்கரம் சாயாதே என்று ஏ.டி.வி. பக்கம் போகிறவர்களுக்கு ஒரு சின்ன வரலாறு. ஹோண்டா 1970இல் பலூன் மாதிரி டயர் போட்டு விற்க ஆரம்பித்தது மூன்று சக்கர வண்டி. திரும்பும்போதெல்லாம் கவிழ்ந்து ஆட்களைக் கொன்றதால், 1988இல் அரசோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி அமெரிக்காவில் அவற்றை விற்பதையே கம்பெனிகள் நிறுத்தின. நாலு சக்கரமும் கவிழும். என்ன, கவிழ்ந்தால் மேலே விழுவது இன்னும் கனம். ஆக்சிலேட்டர் கட்டைவிரலில் இருக்கும். வண்டி சாய்கிற மாதிரி தோன்றியதும் பைக் பழக்கத்தில் காலை ஊன்றிவிடாதீர்கள். ஊன்றினால் உங்கள் பின்சக்கரமே உங்கள் காலில் ஏறும். அந்த விபத்துக்கு எதிராளி என்று யாரையும் காட்ட முடியாது.

நம் ஊரில் ஏ.டி.வி. பெரும்பாலும் ரிசார்ட்டில் கிடைப்பது. அரை கிலோமீட்டர் வட்டம், பின்னாலேயே விசில் ஊதிக்கொண்டு ஓடிவரும் ஒரு தம்பி. நிஜப் போட்டி வேண்டுமானால் திரும்பவும் பொறியியல் கல்லூரியில் சேர வேண்டும். 2007இலிருந்து நடக்கும் பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா போட்டியில் மாணவர்கள் தாங்களே குழாய் வளைத்து, வெல்டிங் வைத்து ஒற்றை இருக்கை வண்டி கட்டுகிறார்கள். பெட்ரோல் பிரிவில் எல்லா அணிக்கும் ஒரே மாதிரி சிறிய இன்ஜின். பாடு முழுக்க சஸ்பென்ஷனிலும் எடையிலும்தான். கடைசியில் இந்தூர் அருகே பீதம்பூர் போன்ற இடங்களில் நாலு மணி நேரம் விடாமல் ஓட்ட வேண்டும். அந்த நாலு மணி நேரத்தில் கழன்று விழுவதைப் பார்த்து ஒரு பையன் கற்றுக்கொள்வதை எட்டு செமஸ்டரும் சொல்லித்தராது. உங்களுக்கு வயதாகிவிட்டது. அக்கா மகனை அனுப்புங்கள்.

பைக்குக்குத் திரும்புவோம். வண்டி வந்ததும் முதலில் செய்யத் தோன்றுவது ஸ்டிக்கர் ஒட்டுவது. ஒட்டுங்கள். நீங்கள் பார்த்தேயிராத எனர்ஜி டிரிங்க் கம்பெனி ஒன்று உங்களுக்கு ஸ்பான்சர் செய்வது மாதிரி இருக்கும். பிறகு முதுகில் பெயர் அச்சிட்ட ஜெர்சி. இதை வீண் செலவு என்பார்கள், இல்லை. குப்புறக் கிடக்கும்போது ஆம்புலன்ஸ்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட உதவும்.

மிச்சமிருக்கும் பணத்தில் பூட்ஸ் வாங்கலாம் என்று நினைப்பீர்கள், மிச்சம் இருக்காது. வரிசையைத் தலைகீழாக்கியிருக்க வேண்டும். தாடை நீண்ட ஹெல்மெட், முழங்கால் உயர பூட்ஸ், முட்டிக் காப்பு, மார்புக் கவசம், கழுத்துப் பட்டை, காகிள்ஸ். இவற்றுக்குப் பிறகு கையில் என்ன நிற்கிறதோ அதற்குத்தான் வண்டி. இப்படி வாங்கிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. புது பூட்ஸ் மரக்கட்டை. கணுக்கால் மடங்காது, கியர் எங்கே இருக்கிறதென்றே காலுக்குத் தெரியாது. சாயங்காலங்களில் வீட்டுக்குள் போட்டுக்கொண்டு நடந்தால் தோல் இளகும். மாடிப்படியில் இறங்கும்போது கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்ப்பார். வணக்கம் சொல்லிவிட்டு இறங்குங்கள்.

டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். ரோட்டில் 28, 30 என்று வைப்பதை மண்ணுக்கு 12லிருந்து 15க்குள் இறக்கினால்தான் டயர் தரையைப் பிடிக்கும். இதை பெட்ரோல் பங்கில் காற்றடிக்கிற அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள். "எறக்கணுமா? ஏத்தணுமா?" என்று மறுபடி கேட்பார். இறக்க என்றதும் உங்கள் முகத்தைப் பார்ப்பார். சொந்தமாக ஒரு பிரஷர் கேஜ் வாங்கிக்கொள்வது மானத்துக்கு நல்லது. கூடவே ரிம் லாக் போட வேண்டும். இல்லாவிட்டால் குறைந்த காற்றில் டயரோடு டியூபும் சுற்றி வால்வு பிய்ந்துவிடும்.

எங்கே பழகுவது? மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணெதிரே இருக்கிறதே என்று காட்டுக்குள் விட்டுவிடாதீர்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் போவது குற்றம். யானை வழக்குப் போடுவதில்லை, வனத்துறை போடும். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி மணல் டக்காரைக் கனவு காண்கிறவர்களுக்கென்றே குவித்து வைத்த மாதிரி செக்கச்செவேலென்று கிடக்கிறது. அதிலும் ஒரு பகுதி வனத்துறைக் கையில். மணலில் ஓட்டும் வித்தை எளிது: உடம்பைப் பின்னுக்குத் தள்ளு, ஆக்சிலேட்டரை விடாதே. பயந்து விட்ட நொடியில் முன்சக்கரம் புதைந்து, நீங்கள் மட்டும் பயணத்தைத் தொடர்வீர்கள்.

கொங்கு நாட்டில் நமக்கு வாய்த்த பயிற்சிக் களம் விற்காத மனைப்பிரிவு. செம்மண், மழை அரித்த பள்ளம், பாதியில் நின்ற சாக்கடை, நடுநடுவே எல்லைக்கல். எந்த வெளிநாட்டு நிபுணரும் இப்படியொரு தடத்தை வரைந்ததில்லை. உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். ஆடு மேய்க்கும் தாத்தா ஒருவர் வேப்பமரத்தடியில் இருப்பார். நீங்கள் விழும்போதெல்லாம், "ஏஞ்சாமி, பிரேக்கு புடிக்கலீங்களா?" என்று கேட்பார். பிடித்ததால்தான் விழுந்தோம் என்பதை அவருக்கு விளக்க முடியாது. ஆனால் அவர் கேட்பது சரியான கேள்வி. பயிற்சியாளர்களும் வேறு வார்த்தைகளில் அதைத்தான் கேட்பார்கள். முறையாகக் கற்க வேண்டுமானால் கோலார் பக்கம் சந்தோஷின் பிக்ராக் டர்ட்பார்க் இருக்கிறது.

யாரிடம் போனாலும் பாடம் ஒன்றுதான். நில். ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று, டேங்கை முட்டியால் இறுக்கி, பத்து மீட்டர் தள்ளிப் பார். கையால் இறுக்காதே. நீங்கள் கையால்தான் இறுக்குவீர்கள். பத்தாவது நிமிடம் முன்கைத் தசை கல்லாகி, விரல்கள் பிரிய மறுக்கும். இதற்கு ஆர்ம் பம்ப் என்று பெயர்; உலக சாம்பியன்களுக்கும் வருவது என்று சொல்லிக்கொள்ளலாம். மறுநாள் ஆபீசில் காபி டம்ளரை இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்கும்போது பக்கத்து சீட்டுக்காரர் ஏதோ விரதம் என்று நினைத்துக்கொள்வார்.

ஜிம்முக்குப் போகிறவர்கள் நெஞ்சு பெருக்குவதை நிறுத்திவிட்டு, கீழே கிடக்கும் 150 கிலோ வண்டியைத் தூக்கி நிறுத்திப் பழகுங்கள். அதுவும் உழுத வயலில், ஹெல்மெட்டோடு, மத்தியானம். பந்தயத்தில் நீங்கள் அதிகம் செய்யப்போவது அதுதான்.

உரிமம் வாங்குவது சுலபம். இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. 1971லிருந்து இருக்கிறது. படிவம், ரத்த வகை, மருத்துவச் சான்று, கட்டணம், முடிந்தது. சான்று தரும் டாக்டர் குடும்ப டாக்டராக இருக்க வேண்டாம்; அவர் அம்மாவுக்கு போன் போடுவார்.

பந்தய நாள் காலை வண்டிச் சோதனை. கண்ணாடி, சைடு ஸ்டாண்டு எல்லாம் கழற்றியிருக்க வேண்டும், கில் சுவிட்ச் வேலை செய்ய வேண்டும், பிரேக், கிளட்ச் லீவர்களின் நுனி உருண்டையாக இருக்க வேண்டும். இந்த உருண்டை எதற்கு என்று கேட்டீர்களானால் சோதிப்பவர் உங்கள் விலா எலும்பைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். பிறகு கொடிகள். மஞ்சள் என்றால் முன்னால் ஒருவர் விழுந்திருக்கிறார், முந்தாதே, தாவாதே. சிவப்பு, நிறுத்து. வெள்ளையில் சிவப்புச் சிலுவை என்றால் தடத்தில் மருத்துவக் குழு. இந்த மூன்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். விளையாட்டுப் பேச்சு இங்கே கிடையாது. நீலம் என்றால் உங்களை ஒரு சுற்று முந்தப்போகும் ஆள் பின்னால் வருகிறார், வழிவிடு. நீலக் கொடி ஆட்டுகிறவரோடு நெருங்கிய பழக்கம் ஏற்படும். மூன்றாவது சுற்றில் அவர் உங்களைப் பார்த்ததுமே கொடியை எடுத்துவிடுவார், பின்னால் யாரும் வராவிட்டாலும்.

நாவிஸ் வகுப்பில் பெயர் கொடுங்கள். 'லோக்கல்' வகுப்பில் சேரலாமே என்று நண்பர்கள் தூண்டுவார்கள். உள்ளூர் வகுப்பில் ஓட்டுகிறவர்கள் பட்டறைப் பையன்கள். வண்டியைப் பிரித்துக் கோக்கத் தெரிந்தவர்கள், பன்னிரண்டு வயதிலிருந்து விழுந்தவர்கள். உங்கள் வண்டியை சர்வீஸ் செய்த தம்பியே தொடக்கக் கோட்டில் பக்கத்தில் நிற்பான். "அண்ணா, மொதல் வளைவுல மட்டும் ஓரமா வந்துருங்க" என்பான், நிஜமான அக்கறையோடு.

அவன் சொல்வதைக் கேளுங்கள். கேட் விழுந்ததும் அத்தனை வண்டியும் ஒரே வளைவுக்குள் நுழையப் பார்க்கும். முதலில் நுழைகிறவருக்குத் தெளிவான பாதை. மற்றவர்களுக்கு அவர் கிளப்பும் மண், வாய்க்குள். கடைசியில் நுழைகிறவருக்குத்தான் ஒரு சலுகை: எங்கே யார் விழுந்து கிடக்கிறார்கள் என்று நிதானமாகப் பார்த்து ஓட்டலாம். டேபிள்டாப் மேட்டில் உங்கள் சக்கரங்கள் தரையைவிட்டு ஒரு சாண் உயரும். வானத்தில் பறந்த மாதிரி இருக்கும். மச்சான் எடுத்த வீடியோவில் ஒரு சாண்தான் தெரியும். அவரை உட்கார்ந்து எடுக்கச் சொல்லுங்கள். தரைமட்டத்திலிருந்து எடுத்தால் எந்தத் தாவலும் கம்பீரம்.

பந்தயம் முடிந்ததும் வண்டியை வாட்டர் சர்வீஸுக்குக் கொண்டுபோவீர்கள். கடைக்காரர் பார்த்துவிட்டு இருமடங்கு கேட்பார், கொடுங்கள், நியாயம்தான். ஆனால் அந்த பிரஷர் குழாயைச் சக்கர பேரிங், சங்கிலி, ஏர் பாக்ஸ் பக்கம் மட்டும் காட்ட விடாதீர்கள். மற்றதை வீட்டு வாசலில் பக்கெட்டும் பழைய பல்துலக்கியுமாக நீங்களே செய்துகொள்வது நல்லது. ஏர் ஃபில்டரைக் கழற்றிக் கழுவி, நிழலில் காயவைத்து, ஃபில்டர் ஆயில் தடவிப் பிழிந்து மாட்ட வேண்டும். அம்மாவின் பழைய வாளியை இதற்கு எடுக்காதீர்கள். எடுத்துவிட்டீர்களானால், அடுத்த ரவுண்டுக்கான நுழைவுக் கட்டணத்தில் ஒரு புது வாளியின் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.