வீடற்றோரைக் குறைக்கும் திட்டத்துக்கு ஒரு பாராட்டு விண்ணப்பம்

மகா கனம் பொருந்திய மாநகராட்சி மன்றத்தாரின் சமூகத்துக்கு,

இந்நகரின் தெற்கு ரத வீதியில் நான்கு தலைமுறையாக ஒரே கதவிலக்கத்தில் குடியிருப்பவனும், 32 ஆண்டுகள் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் குமாஸ்தாவாக அமர்ந்து பிறருடைய விண்ணப்பங்களைக் கோப்பில் கட்டி அவை மறுபடி வெளிச்சம் காணாதபடி பத்திரப்படுத்தி ஓய்வு பெற்றவனும், சொத்துவரியை ஏப்ரல் மாதத்திலேயே செலுத்தி அதற்குரிய ஊக்கத்தொகையைப் பெற்று மகிழ்கிறவனுமாகிய அடியேன் எழுதிக்கொள்வது. தாங்கள் அண்மையில் வெளியிட்டிருக்கும் ‘வீடற்றோரைக் குறைக்கும் திட்டம்’ என்ற அழகிய புத்தகத்தை இருமுறை வாசித்தேன். வாசித்தபின் என் பாராட்டைத் தெரிவிக்காமல் இருப்பது நன்றி மறந்த செயலாகுமென்று மனச்சாட்சி உறுத்தியதால் இதை எழுதத் துணிந்தேன்.

முதலாவதாக அந்தப் பெயரைப் பாராட்டுகிறேன். அனுபவமில்லாத இளைஞர் எவரேனும் ‘வீடற்றோருக்கு வீடு தரும் திட்டம்’ என்று நாமகரணம் செய்திருந்தால், மறுநாளே யாராவது வாசலில் வந்து நின்று, வீடு எங்கே என்று கேட்டிருப்பார்கள். ‘குறைக்கும்’ என்ற சொல்லில் அந்த அபாயம் இல்லை. ஒரு செங்கல்லும் செலவாகாமல் குறைப்பதற்கு எத்தனையோ மார்க்கங்கள் உண்டு என்பதை என் உத்தியோக காலத்திலேயே கண்டவன் நான். நிலுவையிலுள்ள மனுக்களைக் குறைக்கும்படி உத்தரவு வந்தபோது, நாங்கள் அவற்றை வேறு அறைக்கு மாற்றிக் குறைத்திருக்கிறோம்.

சென்ற மாதம் நகர மண்டபத்தில் நடைபெற்ற கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கும் வந்திருந்தேன். மண்டபப் படிக்கட்டில் உறங்கிக்கொண்டிருந்த இருவரைக் காவலாளி தட்டி எழுப்பி அப்புறப்படுத்தி, வீடற்றோர் நலனை ஆராய வந்த கனவான்களுக்கு வழி செய்து கொடுத்தார். வீடற்றவர்களில் ஒருவரும் ஏன் அழைக்கப்படவில்லை என்று பின்வரிசையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டபோது, அழைப்பிதழ்கள் யாவும் கதவிலக்கத்துக்கே தபாலில் அனுப்பப்பட்டன என்று அதிகாரி விளக்கமளித்தார். நியாயமான விளக்கம். புத்தகத்தின் அட்டைப்படமும் என் மனத்தைக் கவர்ந்தது. அதில் பூங்கா இருந்தது, நீரூற்று இருந்தது, மூன்று பெஞ்சுகள் இருந்தன. மனிதர் மட்டும் ஒருவருமில்லை. திட்டத்தின் பரிபூரண வெற்றியை இதைவிடத் தெளிவாக ஒரு சித்திரக்காரர் வரைந்து காட்ட முடியாது.

இனி, கணக்கெடுப்பு அத்தியாயத்தில் ஒரு சிறு திருத்தம் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்போது, பிப்ரவரி 28-ஆம் தேதி இரவில் கணக்கெடுப்பாளர்கள் படிவமும் கையுமாகத் தெருவில் இறங்கி, நடைபாதையிலும், மேம்பாலத்துக்கு அடியிலும், மாடிப்படிக்குக் கீழும், கோயில் மண்டபத்திலும், ரயில்வே பிளாட்பாரத்திலும், பதிக்கக் கொண்டுவந்து போட்ட சிமெண்டுக் குழாய்களுக்குள்ளும் தேடி, தேசமெங்கும் 17.7 லட்சம் பேர் வீடற்றோர் என்று எழுதிவைத்தார்கள். 2001-இல் இத்தொகை 19.4 லட்சம்; எனவே குறைந்திருக்கிறது. நகரங்களில் மட்டும் 7.8 லட்சமாக இருந்தது 9.4 லட்சமாகியிருக்கிறது, எனவே கூடியுமிருக்கிறது. கூட்டத்துக்குத் தக்கபடி இரண்டில் ஒன்றை எடுத்துச் சொல்லும் சௌகரியம் ஆட்சியாளருக்கு உண்டு. ஆனால், இரவில் கணக்கெடுப்பதே மூலப் பிழை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். பகல் பதினொரு மணிக்கு எடுத்துப் பாருங்கள். வீடற்றவர் ஒருவரையும் காண மாட்டீர்கள். மூட்டை தூக்குகிறவரும், பூத் தொடுக்கிறவரும், மீன்பாடி வண்டி மிதிக்கிறவரும், கல்யாண மண்டபத்தில் எச்சிலிலை எடுக்கிறவரும், தங்கள் ஒப்பந்தக்காரரிடமே நாள்கூலிக்குத் தெருக் கூட்டுகிறவருமாகவே அவர்கள் தென்படுவார்கள். உழைக்கும் நேரத்தில் எண்ணினால் இந்நகரில் வீடற்றோர் பிரச்சினையே இல்லை; அவர்கள் உறங்குவதுதான் பிரச்சினை.

அந்த உண்மையைத் தாங்கள் ஏற்கெனவே உணர்ந்திருப்பதற்குப் பேருந்து நிலையத்துப் புதிய பெஞ்சுகளே சாட்சி. ஒவ்வொரு பெஞ்சின் நடுவிலும் இரண்டு இரும்புக் கைகளை வைத்து, உட்காரலாம், ஆனால் படுக்க முடியாது என்னும்படி அமைத்திருக்கிறீர்கள். சென்ற வாரம் வெயிலில் மயங்கிய ஒரு முதியவரை அதில் கிடத்தப் பிரயத்தனப்பட்டோம். இரும்புக் கைகள் தம் கடமையில் வழுவவில்லை. அவரைத் தரையில்தான் கிடத்தினோம். மேம்பாலத்தின் அடியில் கூரான கருங்கற்களைச் சிமெண்டில் பதித்திருப்பதும் அத்தகைய சாமர்த்தியமே. எனினும் ஒரு தகவலை மறைக்கலாகாது. மறுநாள் இரவே ஒரு கிழவர் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துக் கற்களின்மேல் விரித்து, பாறைகளினூடே ஆற்றுநீர் வளைந்து செல்வதுபோல் தம் உடம்பைக் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வளைத்துப் போட்டு நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தார். அடுத்த ஒப்பந்தப்புள்ளியில் கற்களை இன்னும் நெருக்கமாகப் பதிக்கச் சொல்வது உசிதம்.

காப்பகங்களைப் பற்றிய அத்தியாயத்துக்கு வருகிறேன். டில்லிக் குளிரில் மனிதர் தெருவில் விறைத்துச் சாவதைக் கண்ட உச்ச நீதிமன்றம் 2010-இல் தலையிட்டு, பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வீதம் இருக்க வேண்டுமென்று வழிகாட்டியது. 2013-இல் மத்திய சர்க்காரும் அதற்கென்று திட்டம் வகுத்து, தலைக்கு 50 சதுர அடி இடம் வேண்டுமென்றும், இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்க வேண்டுமென்றும் விதி எழுதியது. நம் நகரத்து ஜனத்தொகையை லட்சத்தால் வகுத்து, வரும் ஈவையும் இங்கே உள்ள காப்பகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அநாகரிகத்தை நான் செய்யப் போவதில்லை. ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும், அதாவது ஏறக்குறைய 134 சதுர அடி, ஒதுக்க வேண்டுமென்று கட்டட விதி கூறுவதையும், ஆகவே ஒரு கார் உறங்கும் இடத்தில் இரண்டரை மனிதர்கள் உறங்கலாம் என்பதையும் கணக்குப் போட்டுக் காட்டி யாரையும் சங்கடப்படுத்தவும் மாட்டேன்.

ஆனால் காப்பகத்தை நேரில் பார்த்தேன். நீலப் பெயர்ப்பலகையின் வர்ணம் நேர்த்தியாக இருந்தது. உள்ளே பாதிப் பாய்கள் சுருட்டியபடியே கிடந்தன. பொறுப்பாளரை விசாரித்தேன். ஆண்களுக்கு இந்தக் காப்பகம், பெண்களுக்கு ஊரின் மறுகோடியில் வேறொன்று, பையன் சற்று வளர்ந்துவிட்டால் தாயோடு தங்க அனுமதியில்லை. காலை ஆறு மணிக்கு எல்லோரும் வெளியேற வேண்டும். சட்டி பானைகளை வைக்க இடமில்லை. சேர்வதற்கு முகவரிச் சான்று தேவை என்றார். வீடற்றவர் முகவரிக்கு எங்கே போவார் என்று கேட்டேன். “அதைத்தான் சார் நாங்களும் மேலே எழுதிக் கேட்டிருக்கிறோம்” என்றார். குடும்பத்தை மூன்றாகப் பிரித்தால்தான் கூரை கிடைக்கும் என்ற ஏற்பாட்டை ஏற்காமல் இந்த ஜனங்கள் வானத்தின் கீழ் ஒன்றாகப் படுத்துக் கிடப்பதை, ‘காப்பகத்தைப் பயன்படுத்த ஆர்வமின்மை’ என்று புத்தகத்தின் நாற்பதாம் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். தமிழில் நுட்பமான சொற்கள் இல்லை என்கிறவர்கள் அந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும்.

புத்தகத்தின் முடிமணியாக, நடைபாதைக் குடும்பங்களை ஊருக்கு வெளியே கட்டப்படும் அடுக்ககங்களுக்கு அனுப்பும் யோசனை விளங்குகிறது. இது புதிதல்ல. 1981-இல் பம்பாயில், அடைமழை பெய்யும் ஜூலை மாதத்தில், நடைபாதைவாசிகளை அவரவர் சொந்த ஊருக்கே ஏற்றி அனுப்ப அந்த ராஜ்யத்து முதலமைச்சர் உத்தரவிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1985-இல் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். ஜீவிக்கும் உரிமையில் ஜீவனோபாயமும் அடங்கும் என்றார்கள். இவர்கள் நடைபாதையில் கிடப்பது வேலை பக்கத்தில் இருப்பதாலேதான் என்பதையும் எடுத்துரைத்தார்கள். ஆயினும் நடைபாதை நடப்பதற்கே என்றும், முறைப்படி அறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றும் முடித்து, மழைக்காலம் கழியும்வரை தவணை கொடுத்தார்கள். தீர்ப்பின் முற்பகுதியை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. பிற்பகுதி நன்றாக அமலாகிறது. தங்களுக்கு மூத்த தமக்கையான, 1688-இல் தோன்றிய சென்னை மாநகராட்சியின் எல்லைக்குட்பட்ட கூவக்கரையிலிருந்து பெயர்க்கப்பட்டோர், கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் கதவு, ஜன்னல், கதவிலக்கம் சகலமும் பெற்றார்கள். பிழைப்பு மட்டும் சுமார் 20 கிலோமீட்டர் பின்தங்கி, பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

அந்தக் காலத்துக் கொடையாளர் சவளை ராமசாமி முதலியாருக்கு இந்தத் தூரத்தின் மகிமை தெரியவில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கென்று சென்னையில் சத்திரம் கட்ட நினைத்தபோது, அவர்கள் வந்து இறங்கும் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே கட்டிவிட்டார். நிலம் மலிவாகக் கிடைக்கும் இடம் பார்த்து நான்கு காதம் தள்ளிக் கட்டியிருந்தால், எத்தனை பணம் மிஞ்சியிருக்கும்! அவரிடம் திட்ட ஆலோசகர் ஒருவரும் இல்லை போலும்.

இவ்வளவும் எழுதியவன், தன் பங்கைச் சொல்லாமல் விடுவது தர்மமன்று. எங்கள் வீதி நடைபாதையில், என் வாசலுக்கு வலப்புறம், பூ விற்கும் ஓர் அம்மாள், மகள், பேரப்பிள்ளைகள் இருவர் என ஒரு குடும்பம் பல வருஷமாக இருந்துவந்தது. அடுப்பு என்பது மூன்று செங்கல். சமையல் முடிந்ததும் அந்தக் கற்களைக் கழுவி, மின்சாரப் பெட்டிக்குப் பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடுவார். ரேஷன் கார்டைப் பால் கவரில் சுற்றி, ரப்பர் வளையம் போட்டு, ரவிக்கைக்குள் வைத்திருப்பார். இரவில் சின்னப் பேரனின் இடுப்புக் கயிற்றில் தன் முந்தானை நுனியை முடிந்துகொண்டு உறங்குவார். குழந்தை புரண்டு சாலைக்குப் போனால் விழித்துக்கொள்ள அது உபாயம். தாங்கள் சென்ற ஆண்டு வீதிவாசிகளிடம் புகார் கேட்டீர்கள் அல்லவா? சுகாதாரக் கேடு என்று போன அந்த மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. அலுவலக நடை என்பதால் வாசகமும் என்னுடையதே.

நள்ளிரவில் லாரி வந்து அவர்களை ஏற்றிச் சென்றது. பதினோராம் நாள் அந்த அம்மாள் திரும்பி வந்து, மின்சாரப் பெட்டிக்குப் பின்னாலிருந்து மூன்று கற்களையும் எடுத்தார். அங்கேதான் வீடு கொடுத்தார்களே அம்மா என்று கேட்டேன். “வீடு நல்லாத்தான் இருக்கு ஐயா. பூ ஏலம் மூணு மணிக்கு. அங்கேர்ந்து முதல் பஸ்ஸே நாலரைக்குத்தான்” என்றார். தங்கள் புத்தகத்தின் நூற்றுப்பன்னிரண்டு பக்கங்களிலும் அந்த ஒன்றரை மணி நேரத்தை நான் தேடிப் பார்த்தேன்.

இரும்புக் கை பொருத்திய பெஞ்சுக்குப் பெருமை கொண்டாடும் உரிமையும் தங்களுக்கு முழுமையாக இல்லை. என் பாட்டனார் காலத்தில் எங்கள் வாசலின் இருபுறமும் திண்ணை இருந்தது. தலைமாட்டில் சுண்ணாம்பிலேயே சரிவாக ஒரு மேடு கட்டியிருப்பார்கள். வழிப்போக்கர் தலை சாய்க்க. வந்து படுக்கிறவர் யார், எவ்வூர், என்ன சான்று என்று கேட்பதில்லை. விடிந்தபின் ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பார்கள். என் தகப்பனார் திண்ணைக்குக் கம்பி அழி போட்டார். நான் கார் வாங்கிய வருஷம் அழியோடு திண்ணையையும் இடித்துச் சரிவுமேடை போட்டேன். ஆகையால் இத்திட்டத்தின் முன்னோடிகளில் ஒருவனாக என்னையும் தாங்கள் கௌரவித்தால், மறுக்க மாட்டேன்.

முடிவாக ஒரு வேண்டுகோள். பூச்சந்தைக்கும் ரயிலடிக்கும் பக்கத்தில், குடும்பம் குடும்பமாகத் தங்கும்படி, மூன்று செங்கல்லையும் ஒரு பெட்டியையும் வைத்துப் பூட்டும்படி, இயன்ற சிறு வாடகைக்கு அறைகள் கட்டலாமென்றும், சந்தையை ஒட்டிப் பூட்டிக் கிடக்கும் தங்கள் பழைய வரிவசூல் கட்டடத்தையே அதற்குத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாமென்றும் அந்தக் கல்லூரி மாணவி கூட்டத்தில் சொன்னாள். தயவுசெய்து அதைச் செய்துவிடாதீர்கள். செய்தால் வீடற்றோர் உண்மையாகவே குறைந்துவிடுவார்கள். பிறகு அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கு விஷயம் எங்கே போவது?

இவ்விண்ணப்பத்துக்குப் பதில் எழுதக் கிருபை கூர்ந்தால், கதவிலக்கம் மேலுறையில் உள்ளது. நான் வீட்டில் இல்லாவிட்டாலும் தபால்காரர் கவலைப்பட வேண்டாம். வாசலின் வலப்புறத்தில் இருக்கும் அம்மாளிடம் கொடுத்தால் போதும். மழை வந்தால் நனையாமல் எடுத்து வைப்பார். என் செய்தித்தாளை இத்தனை வருஷமாக அப்படித்தான் எடுத்து வைக்கிறார். அந்த மனுவை எழுதியவன் யாரென்று அவருக்கு இன்னும் தெரியாது.

இப்படிக்கு,
தங்கள் ஆணைக்குக் கட்டுப்பட்ட,
நிலையான முகவரியுடைய ஒரு வரி செலுத்துவோன்