கல்முனைக் கரையோரப் பெடல் பெட்டிகளில் எர்த் பிடித்தலும் பிடியாமையும்: ஓர் ஆய்வு

மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை ஏ4 வீதியின் இரு மருங்கிலும் அறிஞருக்குப் பஞ்சமில்லை. ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. அப்படியிருந்தும் பிஸ்கட் டின்னுக்குள் கட்டிய கிட்டார் பெடல் ஏன் இரைகிறது என்ற வினா கேட்பாரற்றுக் கிடக்கிறது. அக்குறையைத் தீர்க்கவே இந்த ஆய்வு.

முதலில் எல்லை வகுப்போம். கிட்டார் வாசிப்பது ஆகுமா, ஆகாதா என்பது உலமாக்களின் துறை. அதற்குள் நாம் கால் வைக்கவில்லை. இரைச்சல் ஆகாது என்பதில் மட்டும் வாசிக்கும் பொடியன், அடுத்த வளவு மாமி, சுபஹ் தொழுதுவிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்த வாப்பா ஆகிய முத்தரப்பாரிடமும் இஜ்மா உண்டு.

இரைச்சலின் பிறப்பிடம் சுவர். அதற்குள் ஓடும் வயர்களில் 230 வோல்ட் மின்சாரம், நொடிக்கு 50 சுழற்சி. கிட்டாரிலிருந்து வரும் சின்னஞ்சிறு சமிக்ஞையைப் பல மடங்கு பெருக்குவதே பெடலின் தொழில். கூடவே நுழையும் ஐம்பதையும் அது பாரபட்சமின்றிப் பெருக்கித் தரும். உலோகக் கூண்டுக்குள் வெளி மின்புலம் எட்டாது என்று ஃபரடே 1836இல் காட்டினார். பெடலை இரும்பிலோ அலுமினியத்திலோ அடைப்பது அதனால்தான். ஆனால் பெட்டி சுற்றின் எர்த்தோடு சேர்ந்திருக்க வேண்டும். நிலத்தொடர்பற்ற நிர்வாக அலகு என்பது இக்கரையில் நெடுங்காலம் பேசப்பட்ட அரசியல் கோரிக்கை. அதில் ஆயிரம் நியாயம் இருக்கலாம். ஒன்பது வோல்ட் பெட்டியில் அந்த வாதம் எடுபடாது.

இரைச்சலுக்குப் பரிகாரம் சொல்வோரில் இரு தரப்பினர் உளர். முதலாவது விரல் தரப்பு. “பொட்டிய ஒரு கையால தொட்டுக்கிட்டு வாசி மச்சான், அடங்கிரும்” என்பது இவர்களின் தீர்ப்பு. கிட்டாருக்கு இரண்டு கையும் வேண்டும் என்பது இதற்கெதிரான பிரதான ஆட்சேபணை. ஆனாலும் இவர்களைத் தள்ளிவிட முடியாது. கிட்டாரின் கம்பிகள் பாலத்தின் வழியே எர்த்தோடு இணைந்தவை. ஒரு கை கம்பியிலும் மறு கை பெட்டியிலும் இருக்கும்போது, வயர் செய்ய வேண்டிய வேலையை வாசிப்பவரின் உடம்பு செய்கிறது. ஆகவே தொட்டதும் இரைச்சல் அடங்கினால், பெட்டிக்கு எர்த் இல்லை என்பது நிரூபணம்.

இரண்டாவது பேனைத் தரப்பு. சதுர முள் ப்ளக் பொயின்ட்டின் மேல் துவாரம் பேனையால் குத்தித் திறப்பதற்காகவே படைக்கப்பட்டது என்பது இவர்களின் கொள்கை. இவர்களில் தீவிரமானோர் அம்பின் (ஒலிபெருக்கியின்) ப்ளக்கில் மூன்றாம் முள்ளையே கழற்றிவிடுவர். அதனால் இரைச்சல் குறையக்கூடும், ஆளும் குறையக்கூடும். பெடல் பெட்டி, கேபிளின் உறை, அம்பின் உடல், சுவரின் எர்த் என்று ஒரே தொடராக வருவதுதான் எர்த். அம்புக்குள் கரண்ட் கசிந்தால், மூன்றாம் முள் இல்லாத வீட்டில் அது கம்பி வழியாக விரலுக்கே வரும். இத்தரப்பை இவ்வாய்வு முற்றாக நிராகரிக்கிறது.

இனி எர்த் பிடியாமையின் மூல காரணம். அது பெயின்ட். வார்ப்பு அலுமினியப் பெட்டியை ஆசையாய் நிறமடித்து, ஜாக்கை அதன் மேலேயே நட் போட்டு இறுக்குகிறார்கள். பெயின்ட் மின்சாரம் கடத்தாது. கடத்தும் அளவுக்குச் சுரண்டினாலும் நம் ஊரில் உப்புக்காற்று இருக்கிறது. அலுமினியமும் நிக்கல் பூசிய நட்டும் சந்திக்கும் இடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் அரிப்பு தொடங்கி வெள்ளைப் பொடி பூக்கும். கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்தின்போது நன்றாயிருந்த பெடல் அடுத்த கொடியேற்றத்தில் இரைவதற்கு ஜின்னைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது இது. உள்ளே வரும் ஜாக்கின் துளையைச் சுற்றி, பெட்டியின் உட்பக்கத்தில், உலோகம் பளபளக்கும் வரை அரத்தாளால் தேய்க்க வேண்டும். அங்கே பல் வைத்த வாசரைப் போட்டு இறுக்கினால் பல் உலோகத்தைக் கடித்துப் பிடிக்கும். இரண்டு ஜாக்கின் எர்த் முனைகளையும் தனி வயரால் இணைப்பது கட்டாயம். பெட்டியையே வயராக நம்பினால், நட் தளர்ந்த அன்றைக்குச் சத்தம் ஒழுங்காக வராது. ஜாக் பிளாஸ்டிக் என்றால் பெட்டிக்கென்று தனி வயரும் திருகாணியும் வேண்டும்.

பிஸ்கட் டின்னை ஏளனம் செய்வோர் கவனிக்க: வெள்ளீயம் பூசிய இரும்பில் சோல்டர் பிடிக்கும், அலுமினியத்தில் சாதாரண சோல்டர் பிடிக்காது. இந்த ஒரு விடயத்தில் டின்னே மேல். அதன் மூடிக்கு மட்டும் தனியாக ஒரு வயர் கொடுக்க வேண்டும், விளிம்பில் வார்னிஷ் இருப்பதால்.

விதிவிலக்கும் உண்டு. 1966இல் வந்த ஃபஸ் ஃபேஸ் பெடல் போன்ற பழைய ஜெர்மானியம் ட்ரான்சிஸ்டர் சுற்றுகளில் பொசிட்டிவ்தான் எர்த். அவற்றை மற்றப் பெடல்களோடு ஒரே அடாப்டரில் சேர்த்தால் ஷோர்ட் ஆகிவிடும், பற்றரியே உத்தமம். அம்பின் ட்ரான்ஸ்போமரிலிருந்து வரும் காந்த இரைச்சலுக்கு அலுமினியப் பெட்டி மருந்தல்ல, கிட்டாரோடு சற்றுத் தள்ளி நிற்பதே மருந்து.

மூடியைப் பூட்டுமுன் மீட்டரின் ஒரு முனையை ஜாக்கின் உறையிலும் மறு முனையைப் பெட்டியின் வெறும் உலோகத்திலும் வையுங்கள். ஒரு ஓமுக்கு மேல் காட்டினால் பெயின்ட்டின் அழகைப் பாராமல் இன்னும் தேயுங்கள். மாரி கழிந்ததும் மறுபடி ஒருமுறை அளந்து பாருங்கள்.