முட்டைத் தட்டில் இரண்டு பாட்டில்கள்

முதலில் கண்டுபிடித்தவை எறும்புகள்.

அல்சூரில் எங்கள் வீட்டு பால்கனியில் எங்கள் நாய் லட்டு ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்புச் சாரை. என் மாமனார் குனிந்து பார்த்தார். 22 வருஷ அனுபவமுள்ள சர்க்கரைக்காரர். "மாப்ளே, இவளுக்கும் நம்ம வியாதிதான்" என்றார், கட்சிக்குப் புது உறுப்பினர் சேர்ந்த குரலில். எறும்பை வைத்து மதுமேகத்தை அறிவது நம் பழைய வைத்தியர்கள் எழுதி வைத்த சங்கதி. நான்தான் நம்பவில்லை. வெயிலுக்குத் தண்ணீர் அதிகம் குடிக்கிறாள் என்றேன். பெங்களூரில், டிசம்பரில்.

லட்டுவுக்கு ஒன்பது வயது. பொமரேனியன் என்று சத்தியம் செய்து விற்கப்பட்டவள். வளர வளர அந்தச் சத்தியம் பொய்த்தது. எறும்பு வந்த மூன்றாம் வாரம், ஒரு வியாழக்கிழமை காலை, காஸ் சிலிண்டரில் நேராக மோதினாள். நின்றாள். மறுபடி மோதினாள். கண்ணைப் பார்த்தால் இரண்டு பாப்பாவிலும் பால் ஊற்றியதுபோல் வெள்ளை. போன ஞாயிறுவரை எதிர்வீட்டுப் பூனையை மூன்றாம் மாடியிலிருந்து அடையாளம் கண்டு திட்டியவள்.

டாக்டரம்மா தர்மபுரிக்காரர், பொறுமையாக விளக்கினார். ரத்தத்தில் பெருகும் சர்க்கரை கண்ணின் லென்ஸுக்குள்ளும் போகிறது. அங்கே ஒரு என்சைம் அதை சார்பிட்டாலாக மாற்றுகிறது. அது வெளியேற முடியாமல் உள்ளேயே உட்கார்ந்து தண்ணீரை இழுக்க, லென்ஸ் உப்பி வெளுக்கிறது. மனிதருக்குக் கண்புரை வர வருஷங்கள் ஆகும்; சர்க்கரை வந்த நாய்க்குச் சில நாளிலேயேகூட வந்துவிடும். சர்க்கரை கட்டுக்குள் வந்தால் ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம். அதுவரை ஹார்மோன் வைத்தியம்.

"ஹார்மோனா?" என்றார் மாமா, பதறி.

"இன்சுலின்தான் சார். அதுவும் ஹார்மோன்தான்."

22 வருஷமாகத் தான் ஹார்மோன் வைத்தியத்தில் இருப்பது மாமாவுக்கு அன்றுதான் தெரியும். வீடு வரும்வரை பேசவில்லை.

கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிடச் சொன்னார்கள். ஹீட்டுக்குப் பிறகு சுரக்கும் புரோஜெஸ்டிரோன் இன்சுலினை வேலை செய்ய விடாதாம். அதையும் செய்தோம்.

மாமா மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்: தினம் ஒரு விள்ளல் மைசூர்பாகு கொடுத்ததால் வந்ததா? இனிப்பினால் இல்லை என்றார் டாக்டரம்மா. மாமா முகம் மலர்ந்தது. நெய்யினால் கணையம் வீங்கியிருக்கலாம், அதிலிருந்து வந்திருக்கலாம் என்றார். மலர்ந்தது வாடியது.

எழுதிக் கொடுத்தது மனிதர்களுக்கான என்.பி.எச். இன்சுலின், மாமா போட்டுக்கொள்ளும் அதே ரகம். சைவக் குடும்பத்து ஃபிரிட்ஜில் முட்டைத் தட்டு எதற்கு என்ற நீண்ட நாள் கேள்விக்கு விடை கிடைத்தது: அதில் இரண்டு பாட்டில்கள், ஒன்றில் 'அப்பா', இன்னொன்றில் 'லட்டு' என்று என் மனைவி எழுதி ஒட்டியிருந்தாள். ஒருநாள் மருந்துக்கடையில் சிவப்பு மூடி சிரிஞ்சுக்குப் பதில் ஆரஞ்சு மூடி கொடுத்துவிட்டார்கள். சிவப்பு 40 யூனிட் மருந்துக்கு, ஆரஞ்சு 100-க்கு. மாற்றிப் போட்டால் நாலு யூனிட் என்று நினைத்துப் போடுவது ஒன்றரைச் சொச்சம்தான் போகும். கண்டுபிடித்தவர் மாமா. ஹெச்.ஏ.எல்.லில் 35 வருஷம் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். சிரிஞ்சை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, போர்விமானம் கிளம்புவதற்கு முன்போலக் காற்றுக்குமிழி தேடுவார்.

பன்றி இன்சுலினும் நாய் இன்சுலினும் அச்சு அசல் ஒன்று. மனித இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள். நாயினுடையதிலிருந்து வேறுபடுவது ஒன்றே ஒன்று. இதை நான் மாமாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. "அப்ப எனக்கும் அவளுக்கும் வித்தியாசம் ஒண்ணே ஒண்ணா?" என்றார். மாமியார் அடுக்களையிலிருந்து, "அது எதுன்னு கேளுங்க மாப்ளே" என்றார்.

சமாதானமாக டொரண்டோ கதையைச் சொன்னேன். 1921-ல் பாண்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களின் கணையத்தை எடுத்து, கணையச் சாறு கொடுத்துப் பிழைக்க வைத்துப் பார்த்தார்கள். மார்ஜரி என்ற நாய் அப்படி எழுபது நாள்போல வாழ்ந்தது. 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு ஊசி ஏறியது. மாமா யோசித்து, "அந்தக் கடனைத்தான் இவ வட்டியோட வசூலிக்கிறா" என்றார்.

வசூல் நேரம் காலை ஏழு, மாலை ஏழு. முதலில் சாப்பிட வேண்டும், பிறகுதான் ஊசி. சாப்பிடாமல் போட்டால் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும். அதற்கென்று ஈறில் தடவ ஒரு குடகுத் தேன் பாட்டில் தயார். ஊசி போடும் கை என்னுடையது. என் ஆபீஸோ எலக்ட்ரானிக் சிட்டியில். நடுவில் சில்க் போர்டு டிராஃபிக். மாலை ஐந்து மணிக்கு சீட்டிலிருந்து எழுந்து "இன்சுலின் டைம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். மேனேஜர் எனக்கு என்று நினைத்து, தோளைத் தட்டி, தீபாவளிக்கு சுகர்ஃப்ரீ ஸ்வீட் கொடுத்தார். நான் திருத்தவில்லை.

பக்கத்து வீட்டுக் கன்னட அம்மா, "நாயிகூ ஷுகரா?" என்று கன்னத்தில் கைவைத்தார். மறுநாள் பாகற்காய் ஜூஸ் வந்தது. லட்டு முகர்ந்துவிட்டு நகர்ந்தாள். வீணாக்கக் கூடாதே என்று மாமா தலையில் கட்டினோம்.

இரண்டு மாதத்தில் லட்டு வீட்டை மனப்பாடம் செய்துவிட்டாள். சோபாவுக்கு ஆறு எட்டு, தண்ணீர்க் கிண்ணத்துக்கு இடது பக்கம். நாற்காலியை நகர்த்தக் கூடாது என்பது சட்டம். மீறுபவர் மாமா, இடித்துக்கொள்பவரும் மாமா.

போன சனிக்கிழமை, ஊசி முடிந்ததும் லட்டு வழக்கம்போல் பாய்க்குப் போகவில்லை. அலமாரி முன் உட்கார்ந்து, மூக்கைத் தூக்கி, கீழ்த் தட்டில் மாமாவின் பென்ஷன் ஃபைல் பெட்டியைப் பார்த்தபடி இருந்தாள். 'பார்த்தபடி' என்பது தவறு. ஆனால் வேறு வார்த்தை இல்லை. கூப்பிட்டும் வரவில்லை. மாமா பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

மாமியார் பெட்டியைத் திறந்தார். '1998 போனஸ்' ஃபைலுக்கு அடியில், நெய் ஊறிய காகிதத்தில், நாலு மைசூர்பாகு.

மாமா பேப்பரைத் தாழ்த்தி லட்டுவைப் பார்த்தார்.

"கண்ணு போனப்ப உனக்காக அழுதேன்டி நான்" என்றார்.