வளைகுடா போகும் வாத்தியாருக்குச் சில யோசனைகள்

பயணக் கட்டுரையைப் புறப்படுவதற்கு முன்பே எழுதி முடித்துவிடுவது உத்தமம். பாலைவனம், ஒட்டகம், பேரீச்சை, எண்ணெய்க் கிணறு, வெள்ளை அங்கி என்று தலைக்கொரு பத்தி ஒதுக்கினால் நம் ஏலமலைக் கம்பம்மெட்டில் கரண்ட் இருக்கிற ஒரு ராத்திரியில் வேலை முடிந்துவிடும். நேரில் போவது சரிபார்க்கத்தான். நாடு கட்டுரைக்கு ஒத்துவரவில்லையென்றால் அது நாட்டின் குறை. சிவப்பு மை பேனாவை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த நாடு? ஓமன் என்று வைத்துக்கொள்வோம். கோடை லீவில் போனால் மஸ்கட் வெயில், கம்பத்து வெயிலை நினைத்து ஏங்க வைக்கும். அதனால் ஓண லீவுதான் தோது. ஆனால் அந்தச் சமயத்தில் தெற்கே சலாலா பக்கம் போனால் கட்டுரைக்கு ஆபத்து. ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை அங்கே சாரல், கரீஃப் என்கிறார்கள். நம் ஏலமலையை நனைக்கிற அதே தென்மேற்குப் பருவக்காற்று போகிற போக்கில் அந்த மலைகளையும் உரசிவிட்டுப் போகிறது. மலை முழுக்கப் பச்சை, இறங்கி வருகிற மூடுபனி, சாலையோரக் கடைகளில் இளநீர், வாழைத்தார். சவூதியிலிருந்தும் துபாயிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் காரோட்டி வந்து, ஈரப் புல்லில் கம்பளம் விரித்து, தூறலில் நனைந்தபடி சாப்பிடுகிறார்கள். நம் ஊரில் காலையில் தோட்டத்துக்கு ஆளேற்றி வரும் ஜீப்பை ஹெட்லைட் போட வைக்கிற சனியன் பிடித்த மஞ்சு அங்கே சுற்றுலாப் பொருள். விமானத்துக்குக் காசு கொடுத்து கம்பம்மெட்டிலேயே வந்து இறங்கிவிட்டோமோ என்று தோன்றும். முகத்தில் காட்டிக்கொள்ளாதீர்கள். ஒட்டகம் ஒன்று சேற்றில் நடந்து போகும், அதைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

கணக்கு வாத்தியாராக இருந்தால் சந்தையில் வாயைத் திறக்க வேண்டாம். விலைப்பலகையில் ஒரு கோடும் பக்கத்தில் ஒரு வட்டமும் இருக்கும். பத்து என்று நினைத்துப் பையை நீட்டுவீர்கள், அது பதினைந்து. அரபு எண்ணில் வட்டம்தான் ஐந்து, பூஜ்யம் வெறும் புள்ளி. நம் ஏழைப் போலத் தெரிவது ஆறு. ஆங்கில வி எழுத்து ஏழு, அதைக் கவிழ்த்துப் போட்டால் எட்டு. எழுத்தெல்லாம் வலமிருந்து ஓட, எண் மட்டும் இடமிருந்து ஓடும். இதை ஐந்தாம் வகுப்புக்கு நடத்திப் பார்க்கலாம் என்று தோன்றினால் தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். காசு விஷயம் இன்னும் வேடிக்கை: ஒரு ரியாலுக்கு ஆயிரம் பைசா. 1970 வரை அங்கே ஓடியது வளைகுடா ரூபாய். 1959-இல் அதை நம் ரிசர்வ் வங்கி வெளிநாட்டுப் புழக்கத்துக்கென்றே தனியாக அச்சிட்டது. சமூக அறிவியல் ஆசிரியர்கள் இதைக் கடைக்காரரிடம் சொல்லித் தள்ளுபடி கேட்கலாம். கிடைக்காது.

காபிக்கு உட்காரும்போதுதான் உங்கள் பெருமைக்குரிய நேரம். கஹ்வாவில் பாலும் சர்க்கரையும் இருக்காது, ஏலக்காய் இருக்கும். காதில்லாத சின்னக் கோப்பை. வலது கையால் வாங்க வேண்டும். பேரீச்சம்பழத்தைக் கடித்துக்கொண்டு உறிஞ்ச வேண்டும். கோப்பை காலியானதும் சும்மா நீட்டினால் மறுபடி ஊற்றுவார்கள், மறுபடியும் ஊற்றுவார்கள். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்ட வேண்டும். விரலால் வாயை மூடிக் காட்டுவது, “மதி, மதி” என்பது, எழுந்து ஓடுவது எல்லாம் நம் ஊர் முறை.

ஒரு மிடறு குடித்ததும், “இது எங்கள் மலைக் காய்” என்று சொல்லத் தோன்றும். புற்றடி ஏல மையம், போடி வியாபாரிகள், எட்டு மில்லி சல்லடையில் நிற்கிற பச்சைக் காய் என்று வரலாறு முழுவதையும் எடுத்துவிடத் தோன்றும். தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் மூட்டையைத் திருப்பி ஊர்ப்பெயரைப் படிக்காதீர்கள். பெரும்பாலும் குவாத்தமாலா என்றிருக்கும். போன நூற்றாண்டில்தான் ஏலம் பயிரிடத் தொடங்கிய அந்த நாடு இன்று உலகத்திலேயே அதிகமாக ஏற்றுமதி செய்கிறது, அதில் பெரும்பங்கு அரபு நாடுகளுக்கு. விலையில் நம்மை அடித்துவிட்டார்கள். வாசனையில் நாம்தான் ஒசத்தி என்று ஏலக்காய் ஸ்டோரில் எல்லாரும் சொல்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

நிஸ்வா பக்கம் போனால் ஃபலஜ் வாய்க்காலைப் பாருங்கள். மலையடி ஊற்றைக் கால்வாயில் இழுத்து, பங்குதாரருக்கு இவ்வளவு நேரம் என்று நிழற்கடிகாரம் பார்த்து மடை திறந்து வந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட வாய்க்கால்களில் ஐந்தை 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பார்த்ததும் முல்லைப் பெரியாறு நினைவுக்கு வரும். சத்தமாகப் பேச வேண்டாம். பக்கத்துக் கடையில் சாயா அடித்துக்கொண்டிருப்பவர் கேரளத்துக் குமுளிக்காரர், அவருக்கு உதவிக்கு நிற்கிறவர் தமிழ்நாட்டுக் கூடலூர்க்காரர். பல வருஷ வழக்கு அங்கேயே விசாரணைக்கு வந்துவிடும்.

கட்டுரையில் சந்தேகம் வந்தால் இபுன் பதூதாவை நினைத்துக்கொள்ளுங்கள். மொராக்கோக்காரர், 14-ஆம் நூற்றாண்டில் நம் பக்கம் வந்து மலபாரைச் சுற்றி, சுல்தான் ஆண்ட மதுரையிலும் தங்கினார். தேங்காய்க்கு மனுஷத் தலை போலக் கண்ணும் வாயும் உண்டு என்று வியந்தார். ஊர் திரும்பி அவர் வாயால் சொல்ல, 1355 வாக்கில் இன்னொருவர் எழுதி முடித்தார். ஆகையால் பள்ளி ஆண்டு மலருக்கு உங்கள் கட்டுரை ஒரு வாரம் தாமதமானால் குடி முழுகாது.

ஒன்றை மட்டும் கட்டுரையில் எழுதிவிடாதீர்கள்: மஸ்கட் ரூவியில் இருந்த நாளெல்லாம் நீங்கள் அதிகம் பேசியது மலையாளம்தான்.