கோடைத் தூறலியல்: ஒரு கனடாக்காரரை முன்வைத்து

இவ்வாய்வின் பொருள் ஒரு மனிதர். பிறப்பு டொரொண்டோ, இருப்பு லண்டன், தொழில் அலுவலகத்தில் உட்கார்ந்து செய்யும் ஏதோ ஒன்று. அது நமக்குத் தேவையில்லை. நமக்குத் தேவை அவருடைய சனிக்கிழமை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சனிக்கிழமை காலைகளில் அவர் சன்னலோரம் நின்று வானத்தைப் பார்க்கிறார். பிறகு கைபேசியைப் பார்க்கிறார். பிறகு மறுபடியும் வானத்தை. இரண்டும் ஒத்துப்போவதில்லை. இவர் தனி ஆள் அல்லர், ஒரு வகை; இவரைப் போல பிரிட்டன் தீவில் குடியேறிய கனடாக்காரர்கள் பல்லாயிரவர் உளர். ஆகவே பெயர் சொல்லாமல் ‘மாதிரி’ என்றே குறிப்போம்.

ஆய்வு வினா இதுதான்: வீட்டு வாசலில் முழங்கால் அளவு பனியை வாரித் தள்ளிவிட்டு வேலைக்குப் போய் வளர்ந்த ஒருவர், பதினேழு டிகிரியில் விழும் பூந்தூறலிடம் ஏன் தோற்றுப்போகிறார்?

கனடா மழை காணாத நாடு, அதனால் மிரளுகிறார் என்றொரு விடை வழங்கிவருகிறது. அது பொருந்தாது. எற்றுக்கெனின், டொரொண்டோவில், பனியையும் உருக்கிக் கணக்கில் சேர்த்தால், ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் பெய்கிறது. லண்டனில் சுமார் 600 தான். கோடை மூன்று மாதங்களை மட்டும் தனியே நிறுத்தாலும் டொரொண்டோவின் கையே ஓங்குகிறது. (சென்னையின் 1,400 மில்லிமீட்டரை இங்கே இழுத்தால் இரண்டு நகரங்களும் தலைகுனிய நேரும், விட்டுவிடுவோம்.) வெப்பத்திலும் குளிரிலும் கேட்கவே வேண்டாம். யூக்கானில் ஸ்னாக் என்ற இடத்தில் 1947 பிப்ரவரி 3 அன்று பூஜ்யத்துக்குக் கீழே 63 டிகிரி. பிரிட்டிஷ் கொலம்பியாவின் லிட்டனில் 2021 ஜூன் 29 அன்று பூஜ்யத்துக்கு மேலே 49.6. பிரிட்டன் தன் வாழ்நாளில் எட்டிய உச்சம் 40.3, அது 2022 ஜூலையில் லிங்கன்ஷயரில் நேர்ந்தது. அளவைக் காட்டிக் கனடாக்காரரை மிரட்ட அத்தீவுக்கு வக்கில்லை.

அளவில் இல்லையெனின் எதில்? தன்மையில் என்க. ஒன்டாரியோவின் ஜூலை மழை சொல்லிக்கொண்டு வரும். பிற்பகலில் வானம் கறுக்கும், இடிக்கும், அரைமணி நேரம் கொட்டித் தீர்க்கும், வெறிக்கும். அதுவரை வீட்டுக்குள் நின்றவர்கள் வெளியே வந்து அடுப்பின் மூடியைத் திறந்து விட்ட இடத்திலிருந்து கறியைச் சுடுவார்கள். பிரிட்டிஷ் மழைக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. லண்டனில் ஆண்டுக்குச் சுமார் 110 நாட்கள் ஒரு மில்லிமீட்டராவது பெய்கிறது. கையிலுள்ள அறுநூறையும் அத்தனை நாளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது என்றால், சிக்கனமான மாமியார் நெய் ஊற்றுகிற கணக்கில்தான் ஊற்ற முடியும்.

தூறலின் இலக்கணமும் இங்கே நோக்கத்தக்கது. அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள துளிகளையே வானிலையாளர்கள் தூறல் என்பர். அவ்வளவு சிறிய துளி விழுவதை விட அலைவதே அதிகம். குடை மேலிருந்து வருவதைத் தடுக்கும் கருவி. பக்கத்திலிருந்து வந்து மூக்குக் கண்ணாடியில் உட்கார்ந்து, கழுத்துப்பட்டி வழியாக முதுகில் இறங்குவதை அது என்ன செய்யும்? தமிழில் இதற்குத் தூறல், சாரல், தூவானம் என்று வகைவகையாகச் சொல் இருக்கிறது; குற்றாலத்துக்குப் பேருந்து ஏறிப் போய் நனைந்துவிட்டு வருகிறோம். டொரொண்டோக்காரருக்கு மழை என்றால் மழை, இல்லை என்றால் இல்லை. முதல் ஆண்டில் அலுவலக நண்பர் பூங்காவுக்கு அழைத்தபோது மாதிரி தொலைபேசியில் கேட்டார்: “மழை பெய்கிறதே, சந்திப்பு உண்டா?” மறுமுனையில் உண்மையான குழப்பம். “மழையா? எங்கே? இது சும்மா துப்புகிறது.” துப்புவது மழையாகாது என்பது அந்நாட்டு விதி. கொட்டினாலும் வாத்துகளுக்கு உகந்த நாள் என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடுவார்கள்.

போய்ச் சேர்ந்தால், ஈரப் புல்லில் விரிப்பின்மேல் பதினொரு பேர். சாண்ட்விச் நனைகிறது. நண்பர் ஒரு விரலை நீட்டி, “அதோ, மேற்கே வெளுக்கிறது பாருங்கள்” என்றார். எல்லோரும் பார்த்தார்கள். மாதிரியும் பார்த்தார். அவர் கண்ணுக்கு மேற்கும் கிழக்கும் ஒரே சாம்பல்.

மேற்கே என்னதான் இருக்கிறது? இங்குதான் இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு. தரையிலிருந்து ஏறத்தாழப் பத்து கிலோமீட்டர் உயரத்தில், அட்லாண்டிக்கைக் கடந்து கிழக்கு நோக்கி ஓடும் ஜெட் காற்றோட்டம் ஒன்று உண்டு. கோடையில் அது பிரிட்டனுக்கு வடக்கே ஒதுங்கினால் வெயில். தெற்கே சரிந்தால் காற்றழுத்தத் தாழ்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வந்து இறங்கும். அத்தாழ்வுகளில் பல உருவாவது வட அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால், நியூஃபவுண்ட்லாந்தை ஒட்டிய கடலில். அதாவது கனடாவின் வாசலில். அவரும் மழையும் ஒரே திசையிலிருந்து, ஏறத்தாழ ஒரே பாதையில் வந்தவர்கள். ஊர்க்காரன் தேடி வந்து கதவைத் தட்டுகிறான். இவர் சன்னல் திரையை இழுத்து மூடுகிறார்.

இனி, கைபேசியில் வரும் முன்னறிவிப்பு. வானிலையை முன்கூட்டிச் சொல்லலாம் என்ற துணிச்சலுக்குப் பிறப்பிடமே பிரிட்டன். டார்வினைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு உலகம் சுற்றிய ராபர்ட் ஃபிட்ஸ்ராய்தான் 1854-இல் வானிலை அலுவலகத்தைத் தொடங்கி நடத்தியவர். பொதுமக்களுக்கான முதல் முன்னறிவிப்பு 1861 ஆகஸ்ட் 1 அன்று டைம்ஸ் நாளிதழில் வந்தது. வடக்கு, மேற்கு, தெற்கு மூன்றுக்கும் நல்ல வானிலை என்று அதில் இருந்தது. கோடையில், முதல் நாளே, நல்ல வானிலை! அந்த நன்னம்பிக்கை பரம்பரையாக வந்திருக்கிறது. 2009 ஏப்ரலில் அதே அலுவலகம், அடுப்பை வெளியே எடுத்து வைக்கத்தக்க கோடை வர வாய்ப்பு அதிகம் என்றது. மக்கள் கரி வாங்கினார்கள். ஜூலை முழுக்க நனைந்தது. மறு ஆண்டு முதல் பருவம் முழுமைக்குமான முன்னறிவிப்பைப் பொதுமக்களுக்குச் சொல்வதையே நிறுத்திக்கொண்டார்கள். வாய்ப்பு என்றுதானே சொன்னார்கள் என்று அறிவியல் தெரிந்தவர்கள் வாதாடினார்கள். கரி வாங்கியவர்களிடம் அது எடுபடவில்லை.

விடுமுறைகளின் பக்கம் திரும்பினால் இன்னொரு வேடிக்கை. கனடாவில் கோடைக் கொண்டாட்டத்தின் கால்கோள் மே 25-க்கு முந்தைய திங்கட்கிழமை. அன்றுதான் ஏரிக்கரை வீடுகளைத் திறந்து தூசி தட்டுவார்கள். அந்நாளின் பெயர் விக்டோரியா தினம். 1819 மே 24 அன்று லண்டனில் பிறந்த அரசியின் நினைவாக. அவர் பிறந்த ஊரில் அன்று விடுமுறை இல்லை. இங்கிலாந்துக்காரர்களுக்கு மே மாதக் கடைசித் திங்கள் உண்டு, ஆகஸ்ட் மாதக் கடைசித் திங்கள் உண்டு. ஆகஸ்ட் விடுமுறை முன்பு மாத முதல் திங்களாக இருந்தது. 1971-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கடைசித் திங்களாக நிலைப்படுத்தியது. மழையும் கூடவே இடம் மாறிக்கொண்டதா என்பது தனி ஆய்வுக்குரியது. வார இறுதியோடு சேர்ந்த அந்த மூன்று நாட்களில் ரயில் பாதையைப் பிரித்துப்போட்டுப் பழுது பார்ப்பது வழக்கம் என்பதும், பயணிகளைப் பேருந்தில் ஏற்றி அனுப்புவார்கள் என்பதும் ஈண்டுக் கொள்ளத்தக்கன.

இரண்டாம் ஆண்டில் மாதிரி கருவிகளை நம்பினார். தவறில்லை, கருவிகளின் வரலாறும் அம்மண்ணுக்கே உரியது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் லண்டன் தெருவில் துணிந்து குடை பிடித்த ஆண் என்று பெயர் பெற்றவர் ஜோனாஸ் ஹான்வே. வாடகை வண்டிக்காரர்கள் அவரை ஏசினார்கள்; மழை அவர்களுக்குப் பிழைப்பு, அதில் மண்ணைப் போட ஒருவன் வந்தால் சும்மா விடுவார்களா? 1823-இல் கிளாஸ்கோவின் சார்ல்ஸ் மக்கின்டோஷ் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரைக் கரைத்துப் பூசி நீர் புகாத துணிக்குக் காப்புரிமை பெற்றார். நீர் புகவில்லை, வியர்வையும் வெளியேறவில்லை. இன்றைய மழைச் சட்டைகள் அவ்விரண்டையும் தீர்த்துவிட்டதாக விலைச்சீட்டில் எழுதியிருக்கும். அந்தச் சட்டை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், மடக்குக் குடை, ஃபிளாஸ்க் எல்லாம் சேர்த்துக்கொண்டு நம்மவர் ஏரி மாவட்டத்துக்குப் புறப்பட்டார்.

இடத் தேர்வில்தான் சறுக்கினார். அங்கே பாரோடேல் பள்ளத்தாக்கிலுள்ள சீத்வெயிட், இங்கிலாந்தில் ஆட்கள் குடியிருக்கும் இடங்களில் அதிக மழை பெறுவது. ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலை அரபிக்கடல் காற்றைத் தடுத்துக் கறக்கிற அதே தொழிலை அங்குள்ள குன்றுகள் அட்லாண்டிக் காற்றிடம் செய்கின்றன. மலையேற வந்தவர்கள் மழைக்கு ஒதுங்க ஒரு புகலிடம் உண்டு: பக்கத்திலுள்ள கெசிக் ஊரின் பென்சில் அருங்காட்சியகம். சீத்வெயிட் மலையில் பதினாறாம் நூற்றாண்டில் கிடைத்த கிராஃபைட் கல்தான் அவ்வட்டாரப் பென்சில் தொழிலுக்கு மூலம். உள்ளே ஏறத்தாழ எட்டு மீட்டர் நீளமுள்ள ஒரு வண்ணப் பென்சில் கிடத்தப்பட்டிருக்கிறது. நனைந்த குடும்பங்கள் அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக நடக்கின்றன. மெதுவாக நடந்தால்தானே மழை விடும்? மழைக்கு ஒதுங்குமிடமாகிய அக்காட்சியகத்துக்குள்ளேயே 2015 டிசம்பர் வெள்ளம் புகுந்து, 2017-இல் தான் மறுபடி திறந்தார்கள் என்பதைக் கேட்டபோது மாதிரி முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். தேறுதலின் முதல் அறிகுறியாக இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஈரத்தை நாடிப் போனோரும் உளர். 1881 கோடையில் கிளமென்ட் ராக் என்பவர் 1,345 மீட்டர் உயரமுள்ள பென் நெவிஸ் மலைமேல், ஜூன் தொடங்கி அக்டோபர் நடுப்பகுதி வரை, நாள் தவறாமல் ஏறி இறங்கி வானிலையைக் குறித்தார். அதற்காக ஸ்காட்லாந்து வானிலைக் கழகம் தங்கப் பதக்கம் கொடுத்தது. 1883-இல் உச்சியிலேயே ஆய்வகம் எழுந்தது. அங்கே 1894 செப்டம்பரில் இரண்டு வாரம் தங்கியவர் சி. டி. ஆர். வில்சன். மேகத்தின் மீது விழும் ஒளி வளையங்களைக் கண்டு சொக்கிப்போய், அதைப் போலவே ஆய்வுக்கூடத்தில் மேகம் செய்து பார்க்க முனைந்தார். அதிலிருந்து பிறந்ததுதான் முகிற்கலம். கண்ணுக்குத் தெரியாத துகள்களின் தடத்தைக் காட்டும் கருவி. 1927-இல் நோபல் பரிசு. ஈர விடுமுறையால் விளைந்த பயன்களில் இதற்கு மேல் ஒன்றைக் கட்டுரையாளர் அறியார்.

மாதிரிக்கு நோபல் ஆசை இல்லை. ஆனால் கற்றுக்கொண்டார். பிரிட்டன்காரர்களின் அரசியாகிய, அந்நாளில் தம் நாட்டுக்கும் அரசியாகிய, எலிசபெத் 2012 ஜூன் 3 அன்று தேம்ஸ் ஆற்றில் வைர விழாப் படகு ஊர்வலத்தின்போது மழைக்கிடையே மணிக்கணக்காக நின்றதையும், படகில் பாடகர்கள் தலைமுடி நெற்றியில் ஒட்ட ஒட்டப் பாடி முடித்ததையும் பழைய காணொளியில் பார்த்தார். அவ்வாண்டுக் கோடை நூறு ஆண்டுகளில் மிக ஈரமானது. ஒருவரும் விழாவைத் தள்ளிவைக்கவில்லை. தள்ளிவைத்தால் என்ன ஆகும் என்பது நமக்கும் தெரியும்: 2019 ஜூலை 9 அன்று மான்செஸ்டரில் நியூசிலாந்து 46.1 ஓவரில் 211 எடுத்திருந்தபோது வந்த மழை, உலகக் கோப்பை அரையிறுதியை மறுநாளுக்குத் தள்ளியது. மறுநாள் இந்தியா 18 ஓட்டத்தில் தோற்றது. தோனியின் ரன் அவுட்டை இங்கே விரிக்கப் போவதில்லை, ஆறாத புண்.

ஜூலை 15 நெருங்கும்போது அலுவலகத்தில் புனித சுவிதின் பேச்சு வரும். வின்செஸ்டர் ஆயரான அவர், தம்மை மழை விழும் வெட்டவெளியில் புதைக்கச் சொன்னாராம். 971-இல் அந்நாளில் எலும்புகளைக் கோயிலுக்குள் மாற்றியதால் சினந்தார் என்பது கதை. அன்று பெய்தால் நாற்பது நாள் பெய்யும். அப்படி நாற்பது நாளும் விடாமல் பெய்ததாக வானிலைப் பதிவேடுகளில் ஓர் ஆண்டும் இல்லை என்று முதல் ஆண்டில் மாதிரி எடுத்துக்காட்டி விவாதித்தார். மூன்றாம் ஆண்டில் அவரே நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்தார்.

மூன்றாம் கோடையில் கடற்கரை வாகன நிறுத்தத்தில் அவரைக் காணலாம். கார் கடலைப் பார்த்து நிற்கிறது. கண்ணாடிகள் ஆவி படிந்து மூடியிருக்கின்றன. மடியில் காகிதத்தில் மீனும் சிப்ஸும், வினிகர் வாடை. அரை நிமிடத்துக்கு ஒருமுறை துடைப்பான் அசைய, கடல் தெரிந்து மறைகிறது. இரு பக்கமும் வரிசையாகக் கார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம், அதே மீன். பக்கத்துக் காரில் இருந்தவர் தலையசைத்தார். இவரும் அசைத்தார்.

இதே நாட்டில் ஏழு கோடைகளை இங்கிலாந்து வங்கியின் ஆளுநராகக் கழித்த இன்னொரு கனடாக்காரர் மார்க் கார்னி, ஊர் திரும்பி 2025-இல் கனடாவின் பிரதமரே ஆனார். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது கட்டுரையாளர் துணிபு, மெய்ப்பிக்கச் சான்றில்லை.

நான்காம் ஆண்டு ஜூலையில் மாதிரி விடுப்பில் ஊருக்குப் போனார். மஸ்கோக்காவில், ஏரிக்கரையில், அக்கா வீடு. பிற்பகலில் வானம் கறுத்தது. முதல் துளி விழுவதற்குள் அத்தான் அடுப்பை மூட, பிள்ளைகள் தட்டுகளை அள்ள, எல்லோரும் உள்ளே ஓடினார்கள். இவர் மட்டும் மரத்துறையில் நாற்காலியை விட்டு எழவில்லை. தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு, ரொட்டியைக் கையால் மறைத்தபடி, அக்காவை நோக்கி ஒரு விரலை நீட்டினார்.

“ஏன் ஓடுகிறீர்கள்? அதோ, மேற்கே வெளுக்கிறது பாருங்கள்.”

மேற்கே வெளுத்தது மின்னல்.