மலிவு மகாராஜாக்களே, வருக!

திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில் கடை திறக்கக் கண் வைத்திருக்கும் பன்னாட்டு மலிவுக்கடை முதலாளிமாரே, இடம் பிரமாதம். 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க் இருக்கிறது. அதைச் சுற்றி ஹாஸ்டல்கள் இருக்கின்றன. மாதக் கடைசியிலும் எதையாவது வாங்கக் கை அரிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பூனைக்காது ஹெட்பேண்ட், அவகாடோ முகத் தலையணை, எதற்கென்று செய்தவனுக்கே தெரியாத சிலிகான் வஸ்து, எல்லாம் போணியாகும்.

எந்த நாட்டுக்காரராக வருகிறீர்கள் என்பதை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். குவாங்சோவில் 2013-இல் பிறந்த மினிசோ, ஜப்பானிய பிராண்டாக உலகம் முழுக்க வேஷம் கட்டியது. சீன உடை போட்ட பொம்மைகளை கெய்ஷா என்று விளம்பரம் செய்து, 2022-இல் சொந்த நாட்டுக்காரர்களிடமே வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் மன்னிப்புக் கேட்டது. இன்னொரு சீனக் கம்பெனி முமுசோ. அதற்குக் கொரிய வேஷம். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்தைத் திருத்த நாங்கள் செருப்புத் தேய நடக்கிறோம். நீங்கள் நாட்டையே திருத்திக்கொள்கிறீர்கள்!

எது எடுத்தாலும் ஒரு பவுண்டு என்று 1990-இல் பிரிட்டனில் கிளம்பிய பவுண்ட்லாண்ட், 2025-இல் தானே ஒரு பவுண்டுக்கு விலைபோனது. கொள்கைப் பிடிப்பென்றால் இதுவல்லவா? அமெரிக்காவின் ஃபேமிலி டாலர் ஒரு படி மேலே போய், எலி மேய்ந்த கிடங்கிலிருந்து உணவும் மருந்தும் கடைகளுக்கு அனுப்பியது. அங்கே மருந்தடித்தபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட எலிகள் அகப்பட்டன. 2024-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 4 கோடி டாலருக்கு மேல் தண்டம் கட்டியது. ஏழைக்குத்தானே, எலி தின்ற மிச்சம் போதும் என்ற பெரிய மனசு!

இங்கே ஒரு சின்ன இடைஞ்சல் உண்டு. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் போராடியதால், வேலை நேரத்தில் உட்காரும் உரிமையை 2018-இல் கேரளம் சட்டமாக்கியது. 2021-இல் தமிழ்நாடும் ஆக்கியது. பயப்படாதீர்கள். சந்தர்ப்பம் கிடைக்கும்போது உட்காரலாம் என்பதுதான் சட்டம். அந்தச் சந்தர்ப்பமே வாய்க்காமல் பார்த்துக்கொள்ளும் வித்தையை எங்கள் ஜவுளிக்கடை முதலாளிகள் இலவசமாகவே சொல்லித் தருவார்கள்.

எங்கள் நகரத்துச் சாலைக் கடைத்தெரு போட்டிக்கு வராது. ஆ. மாதவன் கடை நடத்திக்கொண்டே கதை எழுதிய தெரு அது. அங்கே வாங்கிய வாளி ஓட்டையானால், மறுநாளே கொண்டுபோய்க் கடைக்காரர் முகத்துக்கு நேரே நீட்டிச் சண்டை போடலாம். உங்களிடம் யார் முகத்தில் நீட்டுவது?

நீட்ட முகம் கிடைக்காத அந்த ஓட்டை வாளி எங்கே போகிறது? நீங்கள் கேட்கமாட்டீர்கள், நானே சொல்கிறேன். கழக்கூட்டத்தில் தெற்றியாற்றுக்குப் போகிறது. 2023 அக்டோபர் மழையில் அது பெருகி டெக்னோபார்க் வளாகத்துக்குள்ளேயே வந்து நின்றது. நகரத்துக்குள் ஆமயிழஞ்சான் தோடு என்ற கால்வாய்க்குப் போகிறது. 2024 ஜூலை 13 அன்று, தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் அந்தத் தோட்டில் குப்பை அள்ள இறங்கிய கூலித் தொழிலாளியை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. முக்குளித்துத் தேடியவர்கள் தண்ணீரைவிடப் பிளாஸ்டிக்கைத்தான் அதிகம் துழாவினார்கள். உடல் கிடைத்தது இரண்டு நாள் கழித்து. அதற்குள் ரயில்வேயும் மாநகராட்சியும் குப்பை யாருடையது என்று வழக்காடத் தொடங்கிவிட்டன. யாருடையது என்று நான் சொல்லட்டுமா? விற்றவனுடையது, வாங்கியவனுடையது. செத்தவனுடையது மட்டும் அல்ல.

2022-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதி, பிளாஸ்டிக் உறைக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. உறைக்குள் இருக்கும் பொம்மைக்கு யார் பொறுப்பு? விதி எழுதிய மகானுபாவர் வீட்டில் குழந்தைகள் உறையை வைத்துத்தான் விளையாடுகின்றன போலும்.

ஆகவே கடையைத் திறங்கள், மந்திரியைக் கூப்பிட்டு ரிப்பன் வெட்டுங்கள். வாசலில் ஒரு பெட்டி வையுங்கள். உங்களிடம் வாங்கி உடைந்ததையெல்லாம் திரும்பக் கொண்டுவந்து போடுகிறோம். என்ன, கட்டுப்படியாகாதா? தோட்டுக்குள் ஒரு மனுஷனை இறக்குவது மட்டும் எப்படி ஐயா கட்டுப்படியாகிறது?